புதுச்சேரியிலிருந்து அந்தமானுக்கு 31 அடிப் பாய்ப்படகில்: கிளம்புவதற்கு முன் நடந்தவை

படகு 31 அடி நீள ஃபைபர் பாய்ப்படகு. ஒற்றைப் பாய்மரம், 20 குதிரைத்திறன் டீசல் இஞ்சின், தண்ணீருக்குக் கீழே ஒன்றரை மீட்டர் இறங்கும் கீல், அதாவது படகைக் கவிழாமல் நிறுத்தும் கனமான அடிப்பகுதி. வயது முப்பதைத் தாண்டிவிட்டது. வழி, புதுச்சேரி தேங்காய்த்திட்டு மீன்பிடித் துறைமுகத்திலிருந்து போர்ட் பிளேர் வரை. 2024 முதல் அந்த ஊரின் அரசுப் பெயர் ஸ்ரீ விஜயபுரம். பிப்ரவரி முதல் வாரம் கிளம்புவதாக முடிவு செய்திருந்தார்கள். கிளம்பியது மார்ச் நடுவில். இடையில் போன ஆறு வாரம்தான் இங்கே விஷயம். அந்தப் படகு உண்மையில் தயாரானது அப்போதுதான். அதற்கு முந்தைய ஒன்றரை வருஷம் பெரும்பாலும் பொருள் வாங்குவதிலேயே போனது.

போனவர்கள் மூன்று பேர். படகின் சொந்தக்காரர் வணிகக் கப்பலில் இஞ்சினியராக இருந்து ஓய்வு பெற்றவர்; எங்களுக்கெல்லாம் சார். அவருடைய மகள் சென்னையில் சின்னப் பாய்ப்படகுகள் ஓட்டிப் பழகியவர், ஆனால் கரை மறையும் தூரம் போனதில்லை. மூன்றாமவர் கடலூர் தேவனாம்பட்டினத்து மீனவர், ஆழ்கடல் தூண்டில் தொழில், நாற்பதைத் தாண்டியவர். சார் அவரைத் தம்பி என்பார், மகள் அண்ணா என்பார். பெயர்களை விட்டுவிடுகிறேன். நான் கடலுக்குப் போகவில்லை. கரையில் உட்கார்ந்து தினம் வானிலை சொல்வதும், சேதி வராவிட்டால் யாருக்கு எப்போது போன் போடுவது என்பதும் என் பொறுப்பு. அதனால் ஆரம்பத்திலிருந்தே குறிப்பு எடுத்து வைத்திருந்தேன்.

தூரமும் காற்றும்

புதுச்சேரியும் போர்ட் பிளேரும் ஏறக்குறைய ஒரே அட்சக்கோட்டில் இருக்கின்றன, ஒன்று 11.9 பாகை, மற்றது 11.7. நேர் கிழக்கே சுமார் 760 கடல் மைல், அதாவது 1,400 கிலோமீட்டர். ஆனால் போர்ட் பிளேர் இருப்பது தீவின் கிழக்குக் கரையில். மேற்கிலிருந்து வருகிறவர்கள் தெற்கே இறங்கி, ரட்லாண்ட் தீவுக்கும் லிட்டில் அந்தமானுக்கும் நடுவிலுள்ள டங்கன் நீரிணை வழியாகச் சுற்றிக்கொண்டு மேலே ஏற வேண்டும். நேர்கோட்டையே பிடித்துக்கொண்டு போனால் எதிரே நிற்பது வடக்கு சென்டினல் தீவு. அதைச் சுற்றி 5 கடல் மைலுக்குள் யாரும் நுழையக் கூடாது என்பது சட்டம். சட்டத்தை விடுங்கள், காற்று விழுந்து இஞ்சினும் மக்கர் செய்தால் நீரோட்டம் எங்கே கொண்டு தள்ளும் என்பது நம் கையில் இல்லை. ஆகவே நீரிணைக்கு நேராகக் கொஞ்சம் தெற்கே இறக்கியே கோடு போட்டார்கள். மொத்தம் 800 கடல் மைல் என்று வைத்துக்கொண்டார்கள்.

காலத்தைத் தேர்ந்தெடுப்பதில்தான் பெரிய வாதம் நடந்தது. ஜனவரியில் வாடை நன்றாக அடிக்கும், ஆனால் வடகிழக்கிலிருந்து. கிழக்கே போகிற படகுக்கு அது முகத்துக்குச் சாய்வாக வந்து மோதும். போக முடியாது என்றில்லை. நாள் முழுக்க ஒரு பக்கமாகச் சாய்ந்தபடி, ஒவ்வொரு அலைக்கும் முன்பக்கம் குதித்து இறங்க, உப்புத் தண்ணீரில் குளித்துக்கொண்டே போக வேண்டும். தாய்லாந்திலிருந்து அந்தமான் வழியாக இலங்கைக்கு வரும் வெளிநாட்டுப் பாய்ப்படகுகள் இதே காற்றை முதுகில் வாங்கிக்கொண்டு சுகமாக வருகின்றன. இவர்கள் போவது எதிர்த்திசை.

மார்ச்சில் வாடை தளர்ந்துவிடும். கரையோரத்தில் தெற்கத்திக் காற்று தலைகாட்டும், கரையோர நீரோட்டமும் வடக்கு நோக்கித் திரும்பியிருக்கும். நடுக்கடலில் காற்றே இல்லாத நாட்கள் வரும். அந்த நாட்களுக்கு டீசல் வேண்டும். ஏப்ரல் பாதிக்கு மேல் போனால் புயல் பருவம் தொடங்கிவிடும். மார்ச்சும் முழு நம்பிக்கைக்கு உரியதல்ல. 2022 மார்ச்சில் வங்கக் கடலில் இரண்டு ஆழ்ந்த காற்றழுத்தத் தாழ்வு மண்டலங்கள் உருவாயின. ஒன்று தமிழகக் கரையை நோக்கி வந்தது, மற்றது அந்தமான் பக்கம் போனது.

ஏப்ரல் 15 முதல் 61 நாள் கிழக்குக் கரையில் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் நிற்கும், கடலில் வலை குறைவு, இரவில் நிம்மதி. இதைச் சொல்லி, வேலை முடியாவிட்டால் ஏப்ரல் கடைசியில் கிளம்பலாமே என்று சார் ஒரு நாள் பேச்செடுத்தார். தம்பி சிரித்துவிட்டார். “தடைக்காலம் மீனுக்குத்தான் சார். புயலுக்கு யாரும் தடை போடல.” 2011 டிசம்பர் 30-ஆம் தேதி தானே புயல் கரையேறியது புதுச்சேரிக்கும் கடலூருக்கும் நடுவில்தான். 2020-இல் நிவர், 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல். இந்தக் கரையில் வளர்ந்தவரிடம் புயல் பருவத்தைப் பற்றி வாதாடி ஜெயிக்க முடியாது. மார்ச் 25-க்குள் கிளம்பவில்லை என்றால் இந்த வருஷம் போவதில்லை என்று அன்றே எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். இந்த ஒரு வரி பின்னால் நிறையச் சண்டையை மிச்சப்படுத்தியது.

பட்டியலும் கேள்வியும்

சார் வைத்திருந்த பட்டியல் நேர்த்தியானது. கணினியில் போட்டது, வாங்கியது பச்சை, வாங்காதது சிவப்பு. 12 அங்குல வரைபடத் திரை, சுற்றியுள்ள கப்பல்களைத் திரையில் காட்டும் ஏஐஎஸ் கருவி, இரண்டு சோலார் தகடு, ஆறு பேர் ஏறக்கூடிய லைஃப் ராஃப்ட் என்னும் உயிர்காப்பு மிதவை, தானியங்கிச் சுக்கான், புதுக் கயிறுகள். ஜனவரியில் பார்த்தபோது கிட்டத்தட்ட எல்லாம் பச்சை. அதைப் பார்க்கிற யாருக்கும் படகு தயார் என்றே தோன்றும்.

தம்பி ஜனவரி நடுவில்தான் முதன்முதலாகப் படகில் ஏறினார். திரையைக் காட்டினார்கள், பார்த்தார், தலையாட்டினார். அப்புறம் முன்பக்கம் போய் நின்றுகொண்டு கேட்டார்: “முகத்துவாரத்துல இஞ்சின் நின்னுபோச்சுன்னா எப்படி சார் நிறுத்துவீங்க?”

நங்கூரம் இருக்கிறது என்றார் சார். எங்கே? முன்பக்க அறைக்குள். அறையைத் திறந்தால் மேலே இரண்டு பாய்ப் பைகள், அதன் கீழே மோதல் தாங்கிகள், தேங்காய் நார்க் கயிறு ஒரு சுருள், அதற்கும் அடியில் சங்கிலி, எல்லாவற்றுக்கும் கீழே நங்கூரம். சரி, எடுத்துப் போடுங்கள் பார்ப்போம் என்றார். கட்டி வைத்த படகில், ஆடாத தண்ணீரில், பட்டப்பகலில் பத்து நிமிஷத்துக்கு மேல் ஆனது. தேங்காய்த்திட்டு முகத்துவாரத்தில் இஞ்சின் நின்றால் கல் சுவரில் மோத அவ்வளவு நேரம் தேவைப்படாது.

அன்று சாயங்காலமே நங்கூரம் வெளியே வந்தது. முன்பக்க உருளையில் தொங்கவிட்டு, ஒரே ஒரு கயிற்றால் கட்டி, பக்கத்தில் உறையோடு ஒரு கத்தி. கயிற்றை அறுத்தால் தானாக இறங்கும்.

ஒன்று சொல்ல வேண்டும். சார் கடல் தெரியாதவர் அல்ல. முப்பது வருஷம் கப்பலில் இருந்தவர். ஆனால் பெரிய கப்பலில் நங்கூரத்துக்கு ஒரு ஆள், டீசலுக்கு ஒரு ஆள், ரேடியோவுக்கு ஒரு ஆள். இங்கே மூன்று பேரில் இருவர் தூங்கும்போது எல்லாமே ஒருவர்தான். அதைப் பட்டியல் காட்டாது.

முகத்துவாரம்

இது இந்தக் கரைக்கே உரிய தொல்லை. 800 மைல் கடலைவிட முதல் கால் மைல் பொல்லாதது. தேங்காய்த்திட்டு முகத்துவாரத்தில் மணல் அடைப்பதும், தூர்வாரச் சொல்லி மீனவர்கள் போராடுவதும் வருஷா வருஷம் செய்தியில் வருவதுதான். மீனவர்களின் ஃபைபர் போட்டுக்கு அரை மீட்டர் தண்ணீர் போதும். இந்தப் படகுக்கு ஒன்றரை மீட்டர் வேண்டும், அலை தூக்கிப் போடும்போது கூடுதலாக அரை மீட்டர். ஏற்றவற்றமோ இங்கே ஒரு மீட்டருக்குள்தான், ஆகவே ஏற்றத்தை நம்பி மேட்டைத் தாண்டிவிடலாம் என்ற கணக்கெல்லாம் பெரிதாக உதவாது.

எந்த வரைபடமும் போன மாத மணலைக் காட்டாது. ஆகவே ஒரு ஃபைபர் போட்டை எடுத்துக்கொண்டு, கயிற்று நுனியில் ஈயக்குண்டு கட்டி, முகத்துவாரத்தை அவர்களே அளந்தார்கள். வடக்குச் சுவரை ஒட்டி ஒரு வாய்க்கால் போல ஆழம் இருந்தது, நடுவில் இல்லை. பார்த்தால் நடுதான் அகலமாக, பாதுகாப்பாகத் தெரியும். அளந்த புள்ளிகளை ஜிபிஎஸ்ஸில் ஏற்றினார்கள். கிளம்புவதற்கு முந்தின நாள் மறுபடி அளந்தபோது அந்த வாய்க்காலும் கொஞ்சம் நகர்ந்திருந்தது.

ஒத்திகை

பிப்ரவரி முதல் வாரம், அந்தமானுக்குக் கிளம்ப வேண்டிய நாளில், அதற்குப் பதிலாக ஒத்திகைக்குப் போனார்கள். தம்பியின் நிபந்தனை அது: இரண்டு ராத்திரி வெளியே, கரை தெரியாத தூரம், துறைமுகத்தில் எதையும் தயார் செய்யாமல் அப்படியே. கிழக்கே 40 மைல் போய்க் கடலூருக்குத் திரும்புவது.

முதல் ராத்திரியே மகளுக்கு வாந்தி நிற்கவில்லை. மாத்திரையைக் கிளம்பின பிறகு போட்டிருந்தார். அது முந்தின இரவே போட வேண்டிய சரக்கு. சார் சமைக்கப் போய்க் குக்கர் அடுப்பிலிருந்து எகிறியது. சங்கிலி இறங்கும் ஓட்டை வழியாகத் தண்ணீர் புகுந்து முன்பக்கப் படுக்கை நனைந்தது. இருட்டில் ஒரு மிதப்பு வலைக்கு மிக அருகில் போய்விட்டார்கள். அந்த வலைக்கு ஒரு முனையில் மட்டும்தான் மினுக்கு விளக்கு. மறுமுனை ஒரு மைலுக்கு அப்பால் எங்கோ. விளக்கைச் சுற்றிப் போனால் போதும் என்று நினைத்தால் வலையின் நடுவில் போய் நிற்க வேண்டியதுதான். தம்பி அதற்கு ஒரு வழி சொன்னார். விளக்கைக் கண்டதும் பக்கத்தில் தொழில் செய்கிற போட்டைத் தேடி, விஎச்எஃப் ரேடியோவில் கூப்பிட்டு, வலை எந்தப் பக்கம் ஓடுகிறது என்று கேட்டுவிடுவது. தமிழில் கேட்டால் பதில் வரும். ஏஐஎஸ் திரையில் அந்த போட்டுகள் பாதிக்கு மேல் தெரியவே இல்லை.

இரண்டாம் விடியற்காலை, கடலூர்க் கரை விளக்குகள் தெரியும் தூரத்தில், குறுக்கலை படகை நன்றாகக் குலுக்கிக்கொண்டிருந்தபோது இஞ்சின் சத்தம் மாறியது. இரண்டு முறை விக்கி, மூன்றாம் முறை நின்றேவிட்டது. காற்று இல்லை, படகு மெல்ல மெல்லக் கரைப்பக்கம் ஒதுங்கியது. ஐந்து பாகம் (சுமார் ஒன்பது மீட்டர்) தண்ணீரில் மகள் கத்தியை எடுத்து நங்கூரக் கயிற்றை அறுத்தார். பிடித்துக்கொண்டது. ஒரு மணி நேரம் கழித்துத் தேவனாம்பட்டினத்து ஃபைபர் போட் ஒன்று கயிறு கட்டி இழுத்து, கடலூர் முதுநகர்த் துறைமுகத்துக்குள் கொண்டுபோய் விட்டது.

எதையும் திறந்து பார்க்காமல் பிப்ரவரியில் நேராகக் கிளம்பியிருந்தால் இதே இஞ்சின் அநேகமாக இரண்டாம் நாள் நின்றிருக்கும், கரையிலிருந்து நூறு மைலுக்கு மேல்.

முதுநகரில் திறந்து பார்த்தவை

படகைத் தூக்க விசைப்படகுகளுக்கு வரும் அதே கிரேன்தான். ஆனால் கீல் உள்ள படகை மணலில் உட்காரவைக்க முடியாது, சாய்ந்துவிடும். பட்டறைக்காரர்கள் கீலின் அடியில் மரக்கட்டை வைத்து, இரண்டு பக்கமும் சவுக்குக் கம்பு முட்டுக் கொடுத்து நிறுத்தினார்கள். மேலே ஏறினால் படகு லேசாக அசையும். இரண்டு நாளில் பழகிவிட்டது.

முதலில் டீசல் டேங்க். மேல்மூடியைக் கழற்றிக் கையை விட்டால், அடியில் கறுப்பாக, வழவழவென்று ஒரு படலம். காரணம் எளியது. பாதி காலியான டேங்க்கின் உள்சுவரில் காற்றின் ஈரம் தண்ணீராக வடிந்து அடியில் தங்கும். தண்ணீரும் டீசலும் தொடும் இடத்தில் நுண்ணுயிர் வளரும். துறைமுகத்தில் படகு ஆடாமல் நிற்கும்வரை அது அடியிலேயே கிடக்கும், இஞ்சின் நன்றாக ஓடும். கடலில் குலுங்கினால் கலங்கி மேலே வந்து ஃபில்டரை அடைக்கும். இஞ்சின் சரியாக நமக்கு அது மிகவும் தேவைப்படும் இடத்தில், குறுக்கலையில், முகத்துவாரத்தில் நிற்பதற்கு இதுதான் காரணம், துரதிர்ஷ்டம் அல்ல. டேங்க்கைக் காலி செய்து பனியன் வேஸ்ட்டால் கையாலேயே துடைத்தெடுத்தார்கள். ஒரு ஃபில்டருக்குப் பதில் இரண்டு, நடுவில் மாற்றும் வால்வு. ஒன்று அடைத்தால் இஞ்சினை நிறுத்தாமல் மற்றதுக்குத் திருப்பிவிடலாம். இந்த வேலைக்கு ஆன செலவு அந்தத் திரையின் விலையில் ஒரு சின்னப் பங்குதான். அதை முதலிலேயே செய்திருக்க வேண்டாமா என்று நான் கேட்டதற்கு சார் பதில் சொல்லவில்லை.

அப்புறம் பாய்மரத்தைத் தாங்கும் வயர்கள். 19 இழை முறுக்கிய துருப்பிடிக்காத எஃகு. கண்ணுக்கு வெள்ளி மாதிரி பளபளவென்றிருந்தன. தம்பி கையிலிருந்த பனியன் வேஸ்ட்டை வயரைச் சுற்றிப் பிடித்து, மேலிருந்து கீழாக மெதுவாக இழுத்துக்கொண்டே வந்தார். இடது பக்கத்துக் கீழ் வயரில், முனைக்குழலுக்குள் நுழையும் இடத்துக்கு ஒரு விரற்கடை மேலே நூல் சிக்கியது. விலக்கிப் பார்த்தால் ஓர் இழை அறுந்து, முடி அளவு முனை வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அந்தக் குழலுக்குள் உப்புத்தண்ணீர் இறங்கித் தங்கும். காற்றுப் படாத இடத்தில் துருப்பிடிக்காத எஃகும் அரிக்கும். ஒன்று போனால் மற்றவையும் அதே வயது. எல்லா வயரையும் மாற்றினார்கள். அந்த வயர் இங்கே கடைகளில் கிடைக்கவில்லை, வெளியூரிலிருந்து வரவழைக்க வேண்டியிருந்தது. தாமதத்தில் பெரும்பகுதி இதற்குத்தான் போனது.

மூன்றாவது, படகின் அடியில் இருக்கும் தண்ணீர்க் குழாய் வால்வுகள். நாலு வால்வில் ஒன்றைச் சுத்தியலால் லேசாகத் தட்டியதும் கைப்பிடி கையோடு வந்துவிட்டது. பித்தளை. உப்பு நீரில் பித்தளையிலிருக்கும் துத்தநாகம் கரைந்துபோய், மிச்சம் இளஞ்சிவப்பாக, பலமில்லாமல் நிற்கும். அடியில் ஒன்றரை அங்குல ஓட்டை திறந்தால் உள்ளே சேரும் தண்ணீரை இறைக்கும் பில்ஜ் பம்ப் தாங்காது. நான்கையும் கழற்றி கன்மெட்டல் என்னும் வெண்கல வகையில் போட்டார்கள். ஒவ்வொன்றின் பக்கத்திலும் அதன் அளவுக்குக் கடைந்த மர ஆப்பு ஒன்று நூலில் தொங்குகிறது. எங்கோ பெட்டியில் வைத்த ஆப்பு, இருட்டில் முழங்கால் தண்ணீரில் நிற்கிறவருக்கு இல்லாததற்குச் சமம்.

சங்கிலி ஓட்டைக்கு மூடி, குக்கருக்கு இரண்டு பக்கமும் இரும்புப் பிடி, படுக்கைகளுக்குத் துணி மறைப்பு. இவை அரை நாள் வேலைகள்.

இதற்கிடையில் ஒரு நாள் மகள், ரூபாவால் முடிந்தது நம்மால் முடியாதா என்று சலித்துக்கொண்டார். புதுச்சேரியைச் சேர்ந்த லெப்டினன்ட் கமாண்டர் ரூபாவும் அவரோடு லெப்டினன்ட் கமாண்டர் தில்னாவும் 2024 அக்டோபரிலிருந்து 2025 மே வரை கடற்படையின் ஐஎன்எஸ்வி தாரிணி பாய்ப்படகில் உலகைச் சுற்றி வந்தது இங்கே எல்லோருக்கும் பெருமைதான். ஆனால் அவர்கள் அதற்கு மூன்று வருஷம் பயிற்சி எடுத்தார்கள், பின்னால் கடற்படை நின்றது, நடுவில் துறைமுகங்களில் படகைச் சரிபார்த்தார்கள். அவர்களைப் பார்த்துக் கற்க வேண்டியது துணிச்சலைவிட அந்த மூன்று வருஷத்தை.

கணக்குகள்

எட்டு அல்லது பத்து நாள் ஓட்டம். சாமான் இருபது நாளுக்கு. தண்ணீர் ஆளுக்கு ஒரு நாளைக்கு 4 லிட்டர், ஆக 240. டேங்க் கொள்வது 150. மிச்சம் 10 லிட்டர் கேன்களில், தனித்தனியாக, படகின் இரண்டு பக்கமும் பிரித்து. எல்லாத் தண்ணீரும் ஒரே டேங்க்கில் இருந்து அதில் உப்பு கலந்துவிட்டால் கதை முடிந்தது. சோறு வடிக்க மூன்று பங்கு நல்ல தண்ணீருக்கு ஒரு பங்கு கடல் தண்ணீர், உப்பும் மிச்சம்.

டீசல்: இஞ்சின் மணிக்கு 2 லிட்டர் குடித்து நாலரை கடல் மைல் போகும். டேங்க்கில் 80, கேன்களில் 120, ஆக 100 மணி நேரம், 450 மைல். பாதி வழிக்குக் கொஞ்சம் மேல். அதாவது காற்று இல்லை என்று இஷ்டத்துக்கு இஞ்சினைப் போட முடியாது. கடைசி 60 லிட்டரைத் தொடுவதில்லை, அது டங்கன் நீரிணைக்கும் துறைமுகத்துக்கும் என்று கேனிலேயே சிவப்பு மையில் எழுதினார்கள்.

சமையல் விஷயத்தில் தம்பி சொன்னது ஒன்றே ஒன்று: முதல் இரண்டு நாள் அடுப்பைப் பற்றவைக்காதீர்கள். புளியோதரை, அவல், வாழைப்பழம், ஊறுகாய். வயிறு கடலுக்குப் பழகினபின் சோறு, பருப்புப்பொடி, வெங்காயம், உருளைக்கிழங்கு, கருவாடு. கேஸ் சிலிண்டர் மட்டும் வெளியே, பின்பக்கப் பெட்டியில். சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது. கசிந்தால் படகின் அடியில் போய்த் தேங்கும், ஒரு பொறி போதும். ஒவ்வொரு சமையலுக்குப் பின்னும் வால்வை மூடுவதை மகள் ஏற்றுக்கொண்டார்.

சேதி

வெளிநாட்டு நண்பர் ஒருவர் சாருக்குக் கையடக்கச் செயற்கைக்கோள் கருவி ஒன்றை அனுப்பித் தருவதாகச் சொன்னார். வேண்டாம் என்று சொல்லிவிட்டோம். இந்தியாவில் துரையா, இரிடியம் போன்றவற்றை அரசு அனுமதி இல்லாமல் வைத்திருப்பதே குற்றம். விமான நிலையத்திலேயே பிடித்துவிடுகிறார்கள். முறையான வழி பிஎஸ்என்எல் தரும் இன்மார்சாட் போன்தான். விண்ணப்பம், அனுமதி, காத்திருப்பு எல்லாம் உண்டு. நல்லவேளையாக சார் அதைப் போன வருஷமே தொடங்கியிருந்தார். படகில் இன்னொன்று ஈபர்ப் என்னும் அவசர ஒலிபரப்பி. 406 மெகாஹெர்ட்ஸில் அது அனுப்பும் சமிக்ஞையைச் செயற்கைக்கோள் வாங்கிப் பெங்களூரு இஸ்ரோ மையத்துக்குக் கொடுக்கும். அங்கிருந்து கடலோரக் காவல்படைக்குப் போகும். கருவியை வாங்கினால் மட்டும் போதாது, அங்கே பதிவு செய்ய வேண்டும். இல்லாவிட்டால் எந்தப் படகு, யாரைக் கேட்பது என்று அவர்களுக்குத் தெரியாது.

உள்நாட்டுப் பயணம் என்பதால் பாஸ்போர்ட் வேலை இல்லை. துறைமுகத் துறை, கடலோரக் காவல் நிலையம், கடலோரக் காவல்படை மூன்று இடத்திலும் கடிதம் கொடுத்துக் கைப்பட முத்திரை வாங்கியாயிற்று.

என் சுவரில் ஒட்டிய தாளில் இருந்தவை: படகின் நிறமும் நீளமும், பாயின் நிறம், போட்டோ, ஈபர்ப்பின் 15 எழுத்து அடையாள எண், மூவரின் ரத்த வகை, மாத்திரைகள், கடலோரக் காவல்படை மீட்பு எண் 1554, சென்னை, போர்ட் பிளேர் இரண்டு மீட்பு மையங்களின் எண்கள். அதன் கீழே விதி. தினம் மாலை 6 மணிக்கு இருப்பிடம் குறுஞ்செய்தியாக வரும். ஒன்று தவறினால் ஒன்றும் செய்யாதே. அடுத்த நாள் 6 மணியும் தவறினால் கடலோரக் காவல்படைக்குத் தகவல் சொல். இதை முன்கூட்டியே எழுதி வைக்காவிட்டால் வீட்டிலிருப்பவர்கள் முதல் ராத்திரியே ஊரைக் கூட்டிவிடுவார்கள், அல்லது இன்னும் கொஞ்சம் பார்ப்போம் என்று மூன்று நாளைக் கடத்திவிடுவார்கள். இரண்டுமே கெடுதல். வானிலைக்கு இந்திய வானிலை ஆய்வுத் துறையின் வங்கக் கடல் அறிக்கையும், ஹைதராபாத்திலுள்ள கடல் தகவல் மையமான இன்காய்ஸ் தரும் அலை முன்னறிவிப்பும். இரண்டையும் சுருக்கி நான் 5 மணிக்கு அனுப்புவேன்.

ஓட்டம்

மார்ச் நடுவில், ஏற்றம் இருந்த அதிகாலையில், கரைக்காற்று லேசாக வீசிக்கொண்டிருக்கும்போது தேங்காய்த்திட்டு முகத்துவாரத்தில் வடக்குச் சுவரை ஒட்டிய வாய்க்கால் வழியாக வெளியேறினார்கள். முதல் இரவு வலைகள். இரண்டு முறை விஎச்எஃப்பில் கேட்டுக் கேட்டு விலகினார்கள். அதற்கப்புறம் வலை இல்லை, வடக்கு தெற்காகக் குறுக்கே போகும் சரக்குக் கப்பல்கள்தான். அவை ஏஐஎஸ்ஸில் தெளிவாகத் தெரிந்தன. திரைக்கு ஒரு வேலை கிடைத்தது.

மூன்று மணி நேரம் காவல், ஆறு மணி நேரம் ஓய்வு. இருட்டில் தனியாக மேலே இருப்பவர் எப்போதும் படகோடு பட்டையால் கட்டப்பட்டிருக்க வேண்டும். கிழக்கே போகப் போக சூரியன் தினமும் சில நிமிஷம் முன்னாலேயே உதித்தது. கடிகாரம் அதே இந்திய நேரம், ஆனால் போர்ட் பிளேரில் விடிவது நம்மைவிட ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவாக முந்தி. விடிகாலைக் காவல்காரர் கொடுத்துவைத்தவர் ஆனார்.

ஐந்தாம் நாள் தானியங்கிச் சுக்கானின் பெல்ட் அறுந்தது. ஒத்திகையில் இரண்டு நாள் ஒழுங்காக ஓடியதுதான். மாற்று பெல்ட் பட்டியலில் இருந்தது, பச்சை நிறத்தில், அளவு வேறு. தம்பி சுக்கான் தண்டின் ஒரு பக்கம் சைக்கிள் ட்யூப்பைக் கட்டி, மறுபக்கம் பாய்க்கயிற்றைக் கப்பி வழியாகக் கொண்டுவந்து கட்டினார். காற்று கூடினால் கயிறு இழுக்கும், குறைந்தால் ட்யூப் இழுக்கும். காற்று இருந்த நேரமெல்லாம் மிச்ச வழிக்கு அது போதுமாக இருந்தது.

ஆறாம் நாள் மாலை சேதி வரவில்லை. தாளைப் பார்த்தேன், ஒன்றும் செய்யவில்லை. சாரின் மனைவி இரண்டு முறை போன் செய்தார். அவரிடமும் அதே தாளின் நகல் இருந்தது, அதையே படித்துக் காட்டினேன். மறுநாள் காலை ஏழு மணிக்குச் செய்தி வந்தது. மேகமூட்டத்தில் சோலார் சரியாக ஏறவில்லை, பேட்டரியை மிச்சப்படுத்தப் போனை அணைத்து வைத்திருந்தார்களாம்.

ஒன்பதாம் நாள் பகலில் டங்கன் நீரிணை. இரவு வேண்டுமென்றே வேகத்தைக் குறைத்து, பத்தாம் நாள் காலை வெளிச்சத்தில் போர்ட் பிளேர். இஞ்சின் ஓடியது சுமார் 70 மணி நேரம், மிச்சம் டீசல் 60 லிட்டர், சிவப்பு மைக் கேன்கள் அப்படியே இருந்தன. நீரிணையில் காற்று கிடைத்ததால் அவற்றைத் தொட வேண்டியிருக்கவில்லை. தண்ணீரில் பாதிக்கு மேல் மிச்சம். ஃபில்டர் ஒரு முறை மாற்றினார்கள்.

படகு இப்போது அங்கேயே நிற்கிறது. திரும்புவது ஜனவரியில், வாடையை முதுகில் வைத்துக்கொண்டு. அதற்குமுன் செய்ய வேண்டியவை: சுக்கான் பெல்ட் சரியான அளவில் இரண்டு, போட்டுப் பார்த்தபின் பெட்டியில் வைக்க, சேதி போனுக்கென்று தனியாக ஒரு சின்ன பேட்டரி, வயர்களைத் தாங்கும் தகடுகளைக் கழற்றிப் பார்ப்பது, அது இந்த முறை நேரமில்லாமல் விட்டுப்போனது. தேங்காய்த்திட்டு முகத்துவாரத்தை டிசம்பர் மழைக்குப் பிறகு யார் அளந்து அனுப்புவது என்று கேட்டிருக்கிறார்கள். ஈயக்குண்டு என்னிடம்தான் இருக்கிறது, போட் மட்டும் ஏற்பாடு செய்ய வேண்டும்.